அண்ணன் தங்கை, அக்கா தம்பி சேர்ந்து வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஒரு வழிகாட்டி

வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவர் பத்தாம் வகுப்பு, இன்னொருவர் பிளஸ் டூ. ஒருவருக்குக் கீபோர்டு வரும், மற்றவருக்குக் குரல் வளம். சொந்தமாக மெட்டுப் போட ஆரம்பித்ததும் எல்லா வீட்டிலும் முதலில் வருகிற கேள்வி, "எந்த மைக் வாங்கலாம்?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீட்டுப் பதிவு நன்றாக வருவதும் கெட்டுப்போவதும் எந்த அறை, எந்த நேரம், இருவர் குரலுக்கும் பொருந்துகிற சுருதி எது என்பவற்றைப் பொறுத்தது. அறையும் நேரமும் முழுக்கக் குடும்பத்தின் கையில் இருக்கின்றன. பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி பணத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

பெரிய ஸ்டுடியோ இல்லாமல் என்ன செய்துவிட முடியும் என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். 2020 ஜனவரியில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்ற பில்லி ஐலிஷின் ஆல்பத்தில் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சலிஸில் பெற்றோர் வீட்டில், அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவானது.

அறையைத் தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு அறையின் நடுவிலும் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். தட்டி முடித்த பிறகும் சத்தம் சுவருக்குச் சுவர் தாவிக் கணகணவென்று நீண்டால் அந்த அறை வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இந்தச் சோதனையில் ஹால்தான் தோற்கும். டைல்ஸ் தரை, சிமென்ட் பூச்சு, கண்ணாடி ஷோகேஸ் எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. துணி நிறைந்த பீரோ, கட்டில் மெத்தை, கனமான திரைச்சீலை உள்ள சின்னப் படுக்கையறை பெரும்பாலும் ஜெயிக்கும்.

அடுத்து மெத்தையை எங்கே சாத்துவது? இதில்தான் பலரும் தவறான சுவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாட்டுக்கு வாங்கும் மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. அவற்றுக்கு முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் மந்தமாகத்தான் கேட்கும். எனவே மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரை மூடுவதால் பலன் குறைவு. பாடுபவரின் முதுகுப் பக்கச் சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலிதான் மைக்கின் வாய்க்குள் நேராக நுழைகிறது. அந்தச் சுவரிலிருந்து அரை அடி இடைவெளி விட்டு ஓர் இலவம்பஞ்சு மெத்தையை நிற்க வையுங்கள். இடைவெளி இருந்தால் கீழ்ஸ்தாயி ஒலியையும் கொஞ்சம் உறிஞ்சும். இன்னொரு மெத்தை இருந்தால் பக்கவாட்டில் 'ட' வடிவில் சேர்த்து வைக்கலாம். தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். பீரோ கதவைத் திறந்து, தொங்கும் புடவைகளும் சட்டைகளும் மைக்கைப் பார்க்கும்படி விட்டால் அதுவும் நல்ல உறிஞ்சி.

அறை மூலையில் நின்று பாட வேண்டாம்; அங்கே கீழ்ஸ்தாயி குவிந்து குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகும். அறையின் சரிநடுவும் நல்ல இடமல்ல. முட்டை அட்டை, தெர்மாகோல் இரண்டுக்கும் செலவு செய்யாதீர்கள். முட்டை அட்டை மேல்ஸ்தாயியை மட்டும் லேசாகக் கலைக்கும். தெர்மாகோல் ஒலியை உறிஞ்சவே உறிஞ்சாது. இவை எதுவும் தெருச் சத்தத்தை உள்ளே வராமல் தடுக்காது. மெத்தையாலும் அது முடியாது. தெருச் சத்தத்துக்கு நேரம் ஒன்றுதான் மருந்து.

நேரமும் அமைதியும்

ஹாலில் மாட்டியிருக்கிற காலண்டரில் வாரத்துக்கு இரண்டு பதிவு நேரங்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். குக்கர், மிக்ஸி, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் நான்கும் அந்த நேரத்தில் ஓடக்கூடாது. ஃபிரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தால் அதன் உறுமல் சுவர் வழியாகவே வரும்; அரை மணி நேரம் அணைத்து வைத்தால் உள்ளே எதுவும் கெடாது. ஆனால் திரும்பப் போட மறந்துவிட்டால் கெடும், அதனால் அணைத்தவர் தன் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளட்டும்.

எந்த நேரம் நல்லது என்பது தெருவுக்குத் தெரு மாறும். பொதுவாக வார நாட்களில் மதியம் 2 மணி முதல் 3.30 வரையும், இரவு 9.30-க்கு மேலும் சத்தம் குறைவு. பள்ளி நாட்களில் மதியம் வாய்க்காது. இரவைக் குரலுக்கும் சனிக்கிழமை மதியத்தை வாத்தியத்துக்கும் ஒதுக்குங்கள். விடியற்காலை அமைதியாகத் தோன்றும், ஆனால் காக்கையும் குயிலும் கெடுத்துவிடும். குயிலின் கூவல் குரலின் தெளிவு இருக்கிற அதே அலைவரிசையில் விழுவதால் பிறகு எந்த ஃபில்டரும் அதைப் பிரித்தெடுக்காது. ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மார்கழியில் அதிகாலைப் பாட்டு இரண்டையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

சீலிங் ஃபேன், ஏசி இரண்டும் அணைந்திருக்க வேண்டும். மே மாதத்தில் இது தண்டனைதான். இருபது நிமிடம் பதிவு, பத்து நிமிடம் ஃபேன் போட்டு ஓய்வு என்று பிரித்துக்கொண்டால் தாங்கலாம். "லேசாக ஓடட்டும், பிறகு நாய்ஸ் ரிமூவல் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். ஃபேன் சத்தத்தை நீக்கும்போது குரலின் மூச்சும் 'ஸ', 'ஷ' ஒலிகளின் ஓரமும் சேர்ந்து அரிக்கப்படும்.

என்ன வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

முதல் இரண்டு மூன்று பாட்டுகளுக்குக் கையில் உள்ள ஃபோன் போதும். ஆனால் ஃபோனில் ஏற்கெனவே இருக்கும் குரல் பதிவுச் செயலியைத் தவிருங்கள். அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மெதுவாகப் பாடினால் தானே சத்தத்தை ஏற்றும், ஓங்கிப் பாடினால் தானே இறக்கும். அதைவிட மோசம், மாறாமல் ஒலிக்கும் தம்புராச் சுருதியை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடவும் கூடும். பேண்ட்லேப் போன்ற இசைப் பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள்; அது இலவசம். ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, கீழ்முனை மைக் உங்கள் பக்கம் இருக்கும்படி புத்தக அடுக்கின்மேல் ஒரு துணி விரித்து நிறுத்துங்கள். கையில் பிடித்துப் பாடினால் கை உரசல் பதிவாகும்.

தொடர்ந்து செய்யப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு இந்த வரிசையில் வாங்குங்கள். முதலில் காதை முழுக்க மூடுகிற, வயருள்ள ஹெட்போன் ஒன்று. புளூடூத் ஹெட்போன் பதிவுக்கு உதவாது. ஒலி கால் நொடி வரை தாமதமாக வருவதால் தாளம் நிற்காது. இரண்டாவது, இரண்டு உள்ளீடு கொண்ட யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் பெட்டி). ஒரே உள்ளீடு உள்ளது கொஞ்சம் மலிவு, ஆனால் இருவர் சேர்ந்து வாசிக்கும் வீட்டுக்கு ஆறே மாதத்தில் போதாமல் போகும். மூன்றாவது மைக். அறை நன்றாக அமைந்திருந்தால், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வாங்கலாம். எதிரொலியும் தெருச் சத்தமும் அடங்காத வீடு என்றால் ஷூர் எஸ்எம் 58 போன்ற டைனமிக் மைக் மேல். வாய்க்கு அருகில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிடும். விலை கூடிய கண்டென்சர் மைக் அடுத்த வீட்டுச் சீரியலையும் துல்லியமாகப் பதிவு செய்யும் என்பதை மறக்க வேண்டாம்.

யுஎஸ்பி மைக் வசதியாகத் தோன்றும். ஆனால் இரண்டு யுஎஸ்பி மைக்குகளை ஒரே கணினியில் ஒரே நேரத்தில் ஓட்டுவது தலைவலி, அதனால் உடன்பிறந்தவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஸ்பீக்கர் இப்போதைக்கு வேண்டாம். மென்பொருளில், விண்டோஸ் கணினி என்றால் பேண்ட்லேப் அல்லது ரீப்பர். ரீப்பரை 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். ஆப்பிள் கருவி இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். ஆடாசிட்டி ஒரு டிராக்கை (தனியாகப் பதிவான ஒரு குரல் அல்லது வாத்தியம்) வெட்டி ஒட்ட நல்லது. பல வாத்தியம் சேர்த்துப் பாட்டாகக் கட்டுவதற்கு மற்றவை எளிது.

வாய்க்காற்று மைக்கில் இடிக்காமல் தடுக்கும் திரையான பாப் ஃபில்டரை வீட்டிலேயே செய்யலாம். ஆறு அங்குல எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இரண்டு அடுக்காக இழுத்து மாட்டி, தடித்த கம்பியால் மைக் ஸ்டாண்டில் கட்டுங்கள். மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி வைத்தால் 'ப'கரக் காற்று அப்படியே இடிக்கும்.

இணைக்கும் முறை, மின் இரைச்சல்

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர், அதாவது இன்டர்ஃபேஸிலிருந்து மைக் கேபிள் வழியே வரும் மின்சாரம் வேண்டும். முதலில் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் மைக் கேபிளைச் செருகி, ஹெட்போன் சத்தத்தைக் குறைத்து, அதன் பிறகே 48 வோல்ட் பொத்தானை அழுத்துங்கள். கழற்றும்போது பொத்தானை அணைத்து அரை நிமிடம் காத்திருந்து கழற்றுங்கள். மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். இந்த அளவில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்பி பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டில் இருபது டிராக் என்றால் 700 எம்பி.

கெயின் (மைக் ஒலியை ஏற்றும் அளவு) வைக்கும்போது பாட்டின் ஓங்கிய வரியைப் பாடச் சொல்லிப் பாருங்கள், முதல் வரியை அல்ல. அந்த ஓங்கிய இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும் (மேல் எல்லை 0). சோதனையில் பாடுவதைவிட நிஜப் பதிவில் எல்லோரும் உரக்கப் பாடுவார்கள். அந்த இடைவெளி அதற்குத்தான். மேலே முட்டிக் கிழிந்த ஒலியைப் பிறகு தைக்க முடியாது. மெல்லிய ஒலியை ஏற்றிக்கொள்ளலாம்.

பாடும் முன் பத்து நொடி மௌனத்தைப் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று தொடர்ந்து கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் எர்த் கோளாறு: மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருப்பீர்கள், அல்லது அந்தப் பாயிண்டில் எர்த் வயரே வந்திருக்காது. அப்பா எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பாயிண்டைச் சரிபார்க்கச் செய்தால் பதிவுக்கும் நல்லது, வீட்டுப் பாதுகாப்புக்கும் நல்லது. அதுவரை பேட்டரியில் ஓட்டுங்கள்.

தன் குரல் ஹெட்போனில் இழுத்துத் தாமதமாக வருகிறது என்று பாடுபவர் சொன்னால் மென்பொருளில் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவைப் பாருங்கள். 1024 என்றிருந்தால் ஒவ்வொரு வழிக்கும் 21 மில்லிநொடி தாமதம். 128 ஆக்கினால் 3-க்கும் கீழே. கணினி திணறி ஒலி வெடித்தால் 256-க்கு ஏற்றுங்கள், அல்லது இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்துங்கள். அப்போது குரல் கணினிக்குள் போய்வராமல் நேராகக் காதுக்கு வரும்.

இருவருக்கும் ஒரு சுருதி

உடன்பிறந்தவர்கள் பாடும் பாட்டுகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. அண்ணனுக்கு ஒரு கட்டை, தங்கைக்கு ஐந்து கட்டை என்று பாட்டு வகுப்பில் சொல்லியிருப்பார்கள் (கட்டை என்பது ஸட்ஜமம் நிற்கும் சுருதி; கீபோர்டில் ஒரு கட்டை 'சி', ஐந்து 'ஜி', ஆறு 'ஏ'). தனித்தனியே சரி, சேர்ந்து பாடும்போது ஐந்து கட்டையில் அண்ணன் மேலே கத்துவார் அல்லது கீழே முனகுவார்.

கீபோர்டு முன் இருவரையும் நிறுத்துங்கள். 'ஆ' என்று ஒவ்வொரு ஸ்வரமாகக் கீழே இறங்கி, குரல் கரகரக்காமல் நிற்கிற கடைசி ஸ்வரத்தைக் குறியுங்கள். அதேபோல் மேலே ஏறி, கழுத்து நரம்பு புடைக்காமல் நிற்கிற கடைசி ஸ்வரம். பிறகு பாட்டின் மெட்டு எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரம் வரை போகிறது என்று எழுதுங்கள். மத்திய ஸட்ஜமத்திலிருந்து (நடு ஸ்தாயி 'ஸ') தார காந்தாரம் (மேல் ஸ்தாயி 'க') வரை என்றால் ஆறு கட்டையில் வைத்துப் பாருங்கள். தங்கை நடு 'சி'க்குச் சற்றுக் கீழே உள்ள 'ஏ'யில் தொடங்குவார். அண்ணன் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. இருவருக்கும் வசதியாக அமையும், கேட்பவருக்கு ஒரே மெட்டாகவும் ஒலிக்கும். ஆறு கட்டையைச் சுற்றி அரைக் கட்டை அரைக் கட்டையாக நகர்த்தி இருவர் முகத்தையும் பாருங்கள், சிரமம் முகத்தில் தெரிந்துவிடும்.

மெட்டு மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') வரை இறங்கினால் ஆறு கட்டையில் அண்ணன் குரல் அங்கே காற்றாகிவிடும். அந்த வரியைத் தங்கைக்கு மட்டும் கொடுங்கள். அல்லது மெட்டையே அந்த இடத்தில் மாற்றுங்கள். சொந்தப் பாட்டு, யாரையும் கேட்க வேண்டியதில்லை.

குரல் உடையும் வயதில் உள்ள பையனுக்குத் தனிக் கவனம் வேண்டும். சுமார் 12 முதல் 16 வயதுக்குள் சில மாதங்களிலேயே குரல் பல கட்டை இறங்கிவிடும். இதில் இரண்டு நடைமுறைகள் உண்டு. ஒரு பாட்டுக்கான அவன் குரல் பகுதி முழுவதையும் ஒரே வாரத்தில் எடுத்து முடியுங்கள். ஜனவரியில் பாடிய சரணத்தில் ஒரு சொல்லை ஜூனில் திருத்தினால் வேறு ஆள் பாடியதுபோல் ஒட்டாமல் நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சுருதியை மறுபடி அளவெடுங்கள். பழைய சுருதியில் பாடு என்று கட்டாயப்படுத்துவது குரலுக்குக் கேடு. வீட்டில் யாரும் அவன் குரலைக் கேலி செய்யவும் கூடாது. அந்த வயதில் கேட்ட ஒரு கேலியால் பாடுவதையே நிறுத்தும் பிள்ளைகள் உண்டு.

சேர்ந்திசைக்கு எளிய விதி: ராகத்திலுள்ள ஸ்வரங்களுக்குள்ளேயே ஒன்று விட்டு ஒன்று மேலே பாடுவது. ஒருவர் ஸட்ஜமத்தில் நின்றால் மற்றவர் காந்தாரம், ஒருவர் ரிஷபம் என்றால் மற்றவர் மத்யமம். சங்கராபரணம் சாயலில் இது இனிமையாக உட்காரும். சேர்ந்து பாடும் வரிகளில் கமகத்தைக் குறைத்து நேர்ஸ்வரமாகப் பாடுங்கள், ஏனென்றால் இருவர் அசைவும் இம்மி பிசகினாலும் அபஸ்வரமாகக் கேட்கும்.

தாளமும் பதிவு வரிசையும்

வேகத்தைக் கணக்கிட, பாட்டை இயல்பாகப் பாடிக்கொண்டே கைத்தாளம் போட்டு நேரம் பாருங்கள். ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம், அதாவது 32 எண்ணிக்கை, 24 நொடியில் முடிந்தால் 32-ஐ 60-ஆல் பெருக்கி 24-ஆல் வகுங்கள்: நிமிடத்துக்கு 80. இதை மென்பொருளில் இட்டால் அந்த வேகத்தில் 'டக் டக்' என்று தாளம் காட்டும் கிளிக் ஒலி ஹெட்போனில் வரும். மிச்ர சாபுவுக்கு 7/8, கண்ட சாபுவுக்கு 5/8 என்று அளவை மாற்றாமல் 4/4-இலேயே விட்டால் கிளிக்கின் அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்து இருவரையும் குழப்பும். வெறும் 'டக் டக்' மீது பாடத் திணறினால் கஞ்சிராவோ ஷேக்கரோ கொண்டு ஓர் ஆவர்த்தனம் வாசித்து அதையே சுழல விடுங்கள்.

அதன்பின் கீபோர்டும் சுமாரான குரலுமாகப் பாட்டு முழுவதையும் ஒரு வரைவாக எடுங்கள். இது தூக்கி எறியப் போவது, ஆனால் மற்ற எல்லோரும் இதைக் கேட்டுத்தான் வாசிப்பார்கள். அதன்மேல் தாள வாத்தியம், பிறகு பேஸ், கிடார் அல்லது கீபோர்டு, கடைசியாகக் குரல். வரைவுக் குரலை அப்போது நீக்கிவிடுங்கள். குரலை முதலில் எடுத்துவிட்டுத் தாளத்தைப் பிறகு ஒட்டினால் மிருதங்கம் வாசிப்பவர் குரலின் ஊசலாட்டத்தைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பாடும்போது மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம். நெருங்கினால் குரல் கனமாகும், தள்ளினால் அறை கேட்கும், ஆகவே தரையில் டேப் ஒட்டிக் கால் வைக்கும் இடத்தைக் குறித்துவிடுங்கள். ஓங்கிப் பாடும் வரியில் தலையை மட்டும் இரண்டு அங்குலம் பின்னால் எடுக்கலாம். தம்புராச் செயலி அறைக்குள் ஒலிக்கக்கூடாது, ஹெட்போனுக்குள் மட்டும். கர்நாடகப் பயிற்சி உள்ளவர்கள் ஒரு காதைத் திறந்து வைத்தால் சுருதி நன்றாக நிற்கும். திறந்த பக்கத்து ஹெட்போனைத் தோளில் விடாமல் தலையோடு அழுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் கிளிக் ஒலி குரலோடு பதிவாகி, மௌனமான இடங்களில் 'டிக் டிக்' என்று காட்டிக்கொடுக்கும்.

முழுப் பாட்டையும் நிறுத்தாமல் மூன்று டேக், அதற்குப் பிறகு சறுக்கிய வரிகள் மட்டும். வரியின் நடுவில் வெட்டாதீர்கள். மூச்சு எடுக்கும் இடத்தில் வெட்டினால் யாருக்கும் தெரியாது. ஏழெட்டு டேக்குக்கு மேல் போனால் குரல் தளரும், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் பாடித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே மைக் முன் தோளோடு தோள் நின்று, உரத்த குரல் உள்ளவர் அரை அடி பின்னால் போகட்டும். இரண்டு மைக் வைத்தால், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது மைக்குகளுக்கு நடுவே இருக்க வேண்டும். நெருக்கமாக வைத்தால் இரண்டு மைக்கிலும் ஏறும் ஒரே குரல் ஒன்றையொன்று அரித்துச் சன்னமாகிவிடும்.

வாத்தியங்களில் கீபோர்டுக்கு மைக் வேண்டாம், பின்பக்க வெளியீட்டிலிருந்து நேராக இன்டர்ஃபேஸுக்கு. ஒரே கேபிள் என்றால் 'மோனோ' என்று குறித்த துளை. அகூஸ்டிக் கிடாரில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டை நோக்கி ஓர் அடி தூரத்தில் மைக்; ஒலித் துளைக்கு நேரே வைத்தால் குமுறும். புல்லாங்குழலுக்கு வாயின் நேரே வைக்காமல் நெற்றி உயரத்தில் ஓர் அடி தள்ளி, ஊதும் காற்று மைக்கின் கீழே போகட்டும். வயலினுக்கு மேலிருந்து ஒன்றரை அடி. மிருதங்கத்துக்கு ஒரே மைக் என்றால் முன்னால் ஒன்றரை அடி தள்ளி வைத்து, வலந்தலைப் (வலப்பக்கத் தோல்) பக்கம் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். தொப்பியின் (இடப்பக்கத் தோல்) கும்கி என்ற குழைந்த கீழ் ஒலி குறைந்தால் இடப்பக்கம் ஓர் அங்குலம் நகர்த்துங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டு வந்தாலும் மழை பெய்தாலும் தோல் சுருதி மாறும், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். பறை என்றால் அறையை விட்டுவிடுங்கள். மொட்டை மாடியில் நான்கு அடி தள்ளி, டைனமிக் மைக், குறைந்த கெயின், காற்றில்லாத நேரம். அக்கம்பக்கத்தாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மிக்ஸ்

மிக்ஸ் என்றால் எல்லா டிராக்குகளையும் ஒன்றாகக் கலப்பது. எல்லா டிராக்கின் சத்தத்தையும் குறைத்துவிட்டு, குரலை முதலில் ஏற்றுங்கள். அதைச் சுற்றி மற்றவை. குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள், அங்கே இருப்பது உறுமலும் காலடியும்தான். மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் 250 முதல் 400 வரை இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். 'ச', 'ஸ' குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியை டி-எஸ்ஸரால் தணியுங்கள். ஓங்கிய ஒலியைத் தானே அடக்கும் கம்ப்ரஸர் 3:1 விகிதம், ஓங்கிய வரிகளில் நான்கு முதல் ஆறு டெசிபல் குறைந்தால் போதும். அதற்கு மேல் போனால் மூச்சு இரைப்பது பாட்டைவிடப் பெரிதாகக் கேட்கும். ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) எவ்வளவு என்று தெரியவில்லையா? கேட்கும்வரை ஏற்றிப் பிறகு கொஞ்சம் இறக்குங்கள். முடிந்த பாட்டு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தைக் காட்டும் அளவு) பக்கமும், உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குள்ளும் நின்றால் இணையத் தளங்களில் சரியாக ஒலிக்கும்.

ஒரே நாளில் மிக்ஸை முடிக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஹெட்போன் போட்டால் காது ஏமாறும், மேல்ஸ்தாயியை ஏற்றிக்கொண்டே போவார்கள். பிள்ளைகளின் காதுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 75 டெசிபல் என்பதே பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஹெட்போன் போட்டிருப்பவரை ஒரு கை தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம்.

இங்கே தாத்தாவும் பாட்டியும் வேண்டும். பாட்டு வரிகளைக் காட்டாமல் ஒரு முறை போட்டு, கேட்டதைச் சொல்லச் சொல்லுங்கள் அல்லது எழுதச் சொல்லுங்கள். அவர்கள் தவறாகக் கேட்ட சொல் ஒவ்வொன்றும் ஒரு தகவல்: அந்த இடத்தில் வாத்தியம் குரலை மூடுகிறது, அல்லது ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. பிறகு ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு முறை, காரிலோ பக்கத்து வீட்டு டிவியிலோ ஒரு முறை. ஃபோனில் பேஸ் காணாமல் போவது இயல்பு. குரல் காணாமல் போனால் மறுபடி மிக்ஸுக்குப் போங்கள்.

சண்டை வராமல்

வரும். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் ஈவு இரக்கமில்லாமல் விமர்சிப்பார்கள். அதுதான் அவர்கள் பலம். அதைக் காப்பாற்ற மூன்று ஒழுங்குகள் போதும். பதிவு நடக்கும்போது பாடுபவர் தவிர மற்றவர் கருத்துச் சொல்லக்கூடாது, டேக் முடிந்த பிறகே. "நல்லா இல்ல" என்று சொல்லக்கூடாது. "ரெண்டாவது வரியில 'நிலா' கீழ போகுதுக்கா" என்று இடத்தைச் சொல்ல வேண்டும். ஒத்து வராவிட்டால் இரண்டு விதமாகவும் எடுத்து வைத்துவிட்டு மறுநாள் கேட்பது. பெற்றோர் தீர்ப்பு வழங்க வேண்டாம். அம்மா ஒருவர் பக்கம் சாய்ந்துவிட்டால் மற்றவர் அடுத்த பாட்டுக்கு வரமாட்டார். பொதுத்தேர்வு வருடத்தில் ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை புதுப் பாட்டைத் தொடங்காமல், முடிந்தவற்றின் மிக்ஸை மட்டும் வைத்துக்கொண்டால் வீட்டில் நிம்மதி.

வெளியிடும் முன்

ஒரு நோட்டில் பாட்டின் பெயர், தேதி, வரிகள் யார், மெட்டு யார், வாசித்தது யார், பங்கு எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் வராத காலத்தில் எழுதுவதுதான் எளிது.

அடுத்தவர் பாட்டைப் பாடினால் வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, அதன் கரோக்கி டிராக்குக்கு இன்னோர் உரிமை. இந்தியச் சட்டப்படி பாடலாசிரியரின் உரிமை அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளுக்குத் தடை இல்லை. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார். அவர் பாடல்களுக்கு உரிமை 2033 முடியும்வரை உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு வாங்கிப் பின்னர் பொதுவாக்கியது, ஆகவே அவர் வரிகளைத் தாராளமாகப் பாடலாம். ஆனால் சினிமாவில் வந்த மெட்டுக்குத் தனி உரிமை உண்டு. பாரதி வரிக்குச் சொந்த மெட்டுப் போடுவது முதல் வெளியீட்டுக்கு மிக நல்ல தேர்வு.

பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியச் சட்டத்தில் செல்லாது. எனவே இணையத்தில் பாட்டை விநியோகிக்கும் நிறுவனங்களோடு அப்பாவோ அம்மாவோதான் கையெழுத்திட வேண்டும். "முழு உரிமையும்", "நிரந்தரமாக" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். யூடியூபில் 13 வயதுக்குக் கீழ் தனியாகக் கணக்கு வைக்க முடியாது. மூத்த பிள்ளைக்கும் பெற்றோர் கணக்கிலேயே சேனல் இருப்பது நல்லது. வீடியோவில் பள்ளிச் சீருடை, அடையாள அட்டை, வீட்டு வாசல், தெருப் பெயர்ப் பலகை எதுவும் தெரியக்கூடாது. கருத்துகளை முதலில் பெரியவர் ஒருவர் படித்து அனுமதிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

பாட்டு வெளிவந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்க நொடியிலிருந்தே வேவ் கோப்பாகத் தனித்தனியே ஏற்றுமதி செய்து, வேகத்தையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்: 'மழைப்பாட்டு_80_6கட்டை_தங்கைகுரல்'. மென்பொருள் மாறினாலும் அந்தக் கோப்புகள் திறக்கும். ஒரு பிரதி வீட்டு ஹார்டு டிஸ்கில், இன்னொன்று கிளவுடில், அல்லது ஊரில் இருக்கும் சித்தப்பா வீட்டு பென் டிரைவில்.